திரை சட்டென்று வர என்ன வழி? வாசகர் கேள்வி – பதில்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் ஒரே சங்கதி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: “இன்னது இன்ன இடத்தில் இருக்க வேண்டும்” என்று விவரித்து எழுதும் திரை நிரலை, ஓடும்போது படித்துப் புரிந்துகொள்ள விடாமல், முன்கூட்டியே கம்பைல் செய்து (சுருக்கமாக ஏஓடி) நேட்டிவ் கோடாக, அதாவது ப்ராசஸர் நேரே ஓட்டும் கட்டளைகளாக, மாற்றினால் எவ்வளவு லாபம்? க்யூட்டி என்ற நிரல் தொகுப்பின் திரை மொழியான க்யூஎம்எல், கூகுளின் ஃப்ளட்டர், ஆண்ட்ராய்டுக்கான ஜெட்பேக் கம்போஸ் மூன்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். நெல் மில்லுகளுக்கு மூட்டை எடைபோடுற மெஷின் செஞ்சு கொடுக்கோம். 7 இஞ்ச் டச் திரை, 1 ஜிபி ரேம் உள்ள ஏஆர்எம் போர்டு, லினக்ஸ். திரை முழுக்க க்யூஎம்எல். கரண்ட் போய் வந்தா திரை வர 20 செகண்டுக்கு மேல ஆகுது. ஆளுங்க பொறுக்காம சுவிட்சை மறுபடியும் தட்டிருதாங்க. க்யூஎம்எல்லை நேட்டிவ் கோடா மாத்திட்டா சரியாயிரும்னு சொல்லுதாங்க. மெய்தானா?
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: ஓரளவுக்கு மெய். ஆனால் அந்த 20 செகண்டும் க்யூஎம்எல்லின் கணக்கில் இல்லை. எது எவ்வளவு தின்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் கம்பைலரில் கை வைக்க வேண்டாம்.

முதலில் போர்டில் ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ கட்டளையைக் கொடுங்கள். கெர்னலுக்கு எவ்வளவு, மற்ற சர்வீஸ்களுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லும். அதோடு ‘பிளேம்’ என்று சேர்த்துக் கொடுத்தால், எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியது வரை பட்டியல் வரும். உங்களுடையது போன்ற மெஷின்களில் அடிக்கடி சிக்குவது, நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கும் சர்வீஸ். கேபிளும் வைஃபையும் இல்லாத மில்லில் அது 120 செகண்டு வரைகூடக் காத்திருக்கும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு. உங்கள் ஆப்பின் சர்வீஸ் ஃபைலில் ‘நெட்வொர்க்குக்குப் பின்’ என்று ஒரு வரி இருந்தால், எடைத் திரையும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். எடை காட்ட நெட்வொர்க் எதற்கு? அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடையை எங்காவது அனுப்ப வேண்டியிருந்தால் அதை வேறு சர்வீஸாகப் பிரியுங்கள்.

அடுத்து ஆப்புக்குள். ‘மெயின்’ ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு நேரக்குறி. திரைச் சாளரம் முதல் ஃபிரேமை வரைந்து முடித்ததும் ‘ஃபிரேம் ஸ்வாப்டு’ என்றொரு சிக்னல் வரும்; அதில் இன்னொரு நேரக்குறி. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் உங்கள் ஆப்பின் பங்கு. அந்தப் பங்குக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன: லைப்ரரிகளை ஏற்றுவது, க்யூஎம்எல் ஃபைல்களைப் படித்துக் கம்பைல் செய்வது, ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்குவது, எழுத்துருவும் படங்களும் ஏற்றி முதல் ஃபிரேமை வரைவது. முன்கூட்டிய கம்பைல் இரண்டாவது வேலையை அநேகமாக முழுசாக ஒழிக்கும். மூன்றாவதில் கொஞ்சம் உதவும். மற்ற இரண்டையும் தொடாது. க்யூஎம்எல் ப்ரொஃபைலரில் ‘கம்பைல்’, ‘கிரியேட்டிங்’ என்று இந்த நேரங்கள் தனித்தனி வரிசையாகத் தெரியும்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம். க்யூஎம்எல் எஞ்சின் ஒரு ஃபைலை முதல்முறை படிக்கும்போது, அதைப் பைட்கோடாக்கி (எஞ்சின் சுலபமாகப் படிக்கும் இடைநிலைக் கோடு), ஆப்பின் கேச் ஃபோல்டரில் எழுதி வைக்கும். அடுத்த முறை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டாம் முறை வேகமாகத் திறப்பது இதனால்தான். போர்டில் நிலைமை வேறு. கரண்ட் திடீரென்று போனால் ஃபைல் கெட்டுவிடக் கூடாது என்று ரூட் ஃபைல்சிஸ்டத்தைப் படிக்க-மட்டும் என்று வைத்திருப்பீர்கள். கேச் ஃபோல்டர் ரேமில் இருக்கும். அப்படியானால் கரண்ட் வரும் ஒவ்வொரு தடவையும் அந்த மெஷினுக்கு ‘முதல்முறை’தான். முன்கூட்டிய கம்பைலின் பலன் இங்கேதான் பளிச்சென்று தெரியும்.

செய்முறை: க்யூட்டி 6 என்றால், சிமேக் ஃபைலில் உங்கள் க்யூஎம்எல் ஃபைல்கள் எல்லாவற்றையும் ‘க்யூட்டி ஆட் க்யூஎம்எல் மாட்யூல்’ என்ற கட்டளைக்குள் பட்டியலிடுங்கள். ‘கேச்ஜென்’ என்ற கருவி பில்டு நேரத்திலேயே ஓடி, எல்லா ஃபைலுக்கும் பைட்கோடும், முடிந்த பைண்டிங்குகளுக்கும் (ஒரு மதிப்பு மாறினால் தானாக மறுபடி கணக்கிடப்படும் வரிகள்) ஃபங்ஷன்களுக்கும் சி ப்ளஸ் ப்ளஸ் கோடும் எழுதி, உங்கள் எக்ஸிகியூட்டபிளுக்குள்ளேயே சேர்த்துவிடும். இன்னும் க்யூட்டி 5.15-இல் க்யூமேக்கோடு இருக்கிறீர்கள் என்றால், கான்ஃபிக் வரியில் ‘க்யூட்டிக்விக்கம்பைலர்’ என்று சேருங்கள். திறந்த பதிப்பில் பைட்கோடு மட்டும் கிடைக்கும். திரை வரும் நேரத்தைக் குறைக்க அதுவே பெரும்பகுதி போதும்.

இதைச் செய்தும் வேகம் கூடவில்லை என்று எழுதுகிறவர்களிடம் அநேகமாக ஒரே கோளாறுதான் இருக்கும். ஃபைலை எக்ஸிகியூட்டபிளுக்குள் வைத்துவிட்டு, ஆப் திறக்கும்போது பழையபடி டிஸ்க்கில் உள்ள ஃபைலின் பாதையைக் கொடுத்து ஏற்றுவார்கள். அப்போது உள்ளே இருக்கும் கம்பைல் ஆன பிரதியை எஞ்சின் தொடவே தொடாது. ரிசோர்ஸ் பாதையைக் கொடுங்கள், 6.5 முதல் மாட்யூல் பெயரைச் சொல்லியே ஏற்றும் வழியும் இருக்கிறது, அதுதான் சிறந்தது.

சோதிக்கச் சுலபமான வழி: கேச் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு, ஆப்பை ஒருமுறை ஓட்டி மூடுங்கள். அந்த ஃபோல்டரில் புதிதாக ‘க்யூஎம்எல்சி’ ஃபைல்கள் முளைத்திருந்தால், அவற்றுக்குரிய க்யூஎம்எல் ஃபைல்கள் முன்கூட்டியே கம்பைல் ஆகவில்லை. அல்லது ஆகியும் ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாததற்குக் காரணம் பெரும்பாலும், பில்டு செய்த க்யூட்டி பதிப்பு ஒன்றாகவும் போர்டில் உள்ள லைப்ரரி வேறாகவும் இருப்பது. பதிப்பு மாறினால் எஞ்சின் பழைய கம்பைலை ஒதுக்கிவிட்டு மூலத்திலிருந்து தொடங்கும். பிழைச்செய்தி எதுவும் கண்ணில் படாது. டீபக்கரை இணைத்துக்கொண்டு நேரம் பார்க்கவும் கூடாது. டீபக்கர் இருந்தால் கேச் வழி முழுவதும் அணைந்துவிடும்.

இதற்கு மேலும் குறைக்க வேண்டுமானால் வேலை உங்கள் கையில்தான். முதல் திரையில் எடை எண், மூட்டை எண்ணிக்கை, பூஜ்ஜியம் ஆக்கும் பட்டன் இவை மட்டும் இருக்கட்டும். செட்டிங், ரிப்போர்ட், பில் இவற்றையெல்லாம் ‘லோடர்’ வழியாகத் தேவைப்படும்போது ஏற்றுங்கள். 4,000 பிக்சல் அகல லோகோவை 200 பிக்சலில் காட்டினாலும், முழுப் படத்தையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். படத்தையே சிறிதாக்கி வையுங்கள்.

கேள்வி: பில்டு பண்ணும்போது ‘இந்த பைண்டிங்கைக் கம்பைல் செய்ய முடியவில்லை’ என்று வரிசையாக வருகிறது. ஆப் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா? எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?
— வீரவநல்லூர் வாசகர்

பதில்: விட்டாலும் ஆப் ஓடும், அந்த பைண்டிங் மட்டும் பைட்கோடாக, ஓடும்போதே படித்து நடத்தும் இன்டர்ப்ரெட்டரில் ஓடும். ஆனால் அந்தச் செய்திகள் உங்கள் நிரலின் குறைகளைச் சொல்கின்றன. அவற்றைச் சரிசெய்தால் வேகம் மட்டுமல்ல, பிழைகளும் குறையும்.

கம்பைலருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பெயரும் எந்த டைப் என்று பில்டு நேரத்திலேயே தெரிய வேண்டும். மில்லுக்கு வரும் மூட்டையில் ‘அம்பை 16’ என்று நெல் ரகச் சீட்டு இருந்தால் நேரே குவியலுக்குப் போகும். சீட்டு இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்துத்தான் தள்ள வேண்டும். டைப் சொல்லாத நிரலில் எஞ்சின் செய்வது இந்த இரண்டாவது வேலை, அதுவும் ஒவ்வொரு முறையும்.

சரிசெய்யும் வரிசை இது. ‘க்யூஎம்எல்லின்ட்’ கருவியைக் கம்பைலர் எச்சரிக்கைகளோடு ஓட்டுங்கள். முதலில் வருவது, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் பயன்படுத்திய பெயர்கள். மேலே உள்ள ஆப்ஜெக்ட்டின் ‘எடை’ என்ற ப்ராப்பர்ட்டியைக் கீழே வெறுமனே எடை என்று எழுதியிருப்பீர்கள். மேல் ஆப்ஜெக்ட்டுக்கு ஒரு ஐடி கொடுத்து, ஐடி–புள்ளி–பெயர் என்று எழுதுங்கள். செய்திகளில் பெரும்பகுதி இதிலேயே அடங்கும்.

அடுத்தது, சி ப்ளஸ் ப்ளஸ் பக்கத்திலிருந்து ‘கான்டெக்ஸ்ட் ப்ராப்பர்ட்டி’யாகத் திணித்தவை. இது ஓடும்போதுதான் வந்து சேரும் என்பதால் கம்பைலருக்குக் கண்ணே தெரியாது. அந்த வகுப்பை ‘க்யூஎம்எல் எலிமென்ட்’, ‘க்யூஎம்எல் சிங்கிள்டன்’ மேக்ரோக்களால் மாட்யூலோடு பதிவு செய்யுங்கள். செய்ததும் பில்டு ‘ஹெடர் ஃபைல் கிடைக்கவில்லை’ என்று நின்றால் பயப்பட வேண்டாம். கருவி எழுதும் கோடு உங்கள் ஹெடரைப் பெயரை மட்டும் வைத்துத் தேடும். ஹெடர் உள்-ஃபோல்டரில் இருந்தால், அந்த ஃபோல்டரை இன்க்ளூட் பாதையில் சேர்த்தால் போதும்.

மூன்றாவது, லிஸ்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் அச்சாக இருக்கும் டெலிகேட். மாடலில் உள்ள பெயர்களை டெலிகேட்டுக்குள் ‘ரெக்வயர்டு ப்ராப்பர்ட்டி’யாக, டைப்போடு அறிவியுங்கள். இங்கே ஒரு பள்ளம் உண்டு. ஒரே ஒரு ரெக்வயர்டு ப்ராப்பர்ட்டி எழுதினாலும், அதுவரை தானாக வந்துகொண்டிருந்த ‘இன்டெக்ஸ்’, ‘மாடல்’ போன்றவை வருவது நின்றுவிடும். அவற்றையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். இல்லையேல் லிஸ்ட் வெறுமையாக நிற்கும்.

பிறகு ஃபங்ஷன்கள். ஒவ்வொரு அளவுருவுக்கும் திருப்பிக்கொடுக்கும் மதிப்புக்கும் டைப் எழுதுங்கள். ‘வார்’ என்று விட்டுவைத்த ப்ராப்பர்ட்டிகளுக்கும் அப்படியே. எழுதும்போது நிதானம் தேவை. எழுதிய டைப்பை எஞ்சின் கடைப்பிடிக்கும். எடையை வாங்கும் ஃபங்ஷனில் கைதவறி முழு எண் டைப்பைப் போட்டால், 49.850 கிலோவில் புள்ளிக்குப் பின்னால் உள்ளது காணாமல் போகும், பிழைச்செய்தி வராது. எடை, பணம், வெப்பநிலை இவற்றுக்கெல்லாம் ‘ரியல்’ அல்லது ‘டபுள்’தான். டைப் சேர்த்த பிறகு தசம எண்களைக் கொடுத்து ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் மெஷினை வெளியே அனுப்ப வேண்டும்.

கடைசியாக, ‘கன்ட்ரோல்ஸ்’ ஸ்டைல். பொதுப்பெயரில் இம்போர்ட் செய்து ஸ்டைலை ஓடும்போது தேர்ந்தெடுக்க விட்டால், பட்டன் எந்த ஃபைலிலிருந்து வரும் என்று கம்பைலருக்குத் தெரியாது. ‘பேசிக்’ ஸ்டைலை நேரடியாகப் பெயர் சொல்லி இம்போர்ட் செய்யுங்கள்.

கேள்வி: ராதாபுரம் பக்கம் காத்தாடிகளுக்கான கண்காணிப்புத் திரை செய்திருக்கிறோம். 24 காத்தாடி, ஒவ்வொன்றுக்கும் காற்றின் வேகம், சுழற்சி, கிலோவாட், ஒரு சின்ன வரைபடம். திரை சீக்கிரமே வந்துவிடுகிறது. ஆனால் ஓட ஓட சிபியு 90 சதவீதத்தில் நிற்கிறது. தொட்டால் பதில் தாமதம். ஏஓடி இதற்கு உதவுமா?
— பணகுடி வாசகர்

பதில்: அம்பாசமுத்திரம் வாசகரின் சிக்கலுக்கு நேர் எதிரானது உங்களுடையது. அவருக்குத் தொடக்கம் சுணக்கம், பைட்கோடே போதும். உங்களுக்கு ஒரே பைண்டிங் திரும்பத் திரும்பக் கணக்கிடப்படுகிறது. நேட்டிவ் கோடு உண்மையாகவே பயன்படும் இடம் இதுதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். இன்டர்ப்ரெட்டரில் ஓடும்போது, ஒவ்வொரு எண்ணும் பொது மதிப்பு என்ற உறைக்குள் போகும். ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் பெயரைத் தேடல். கூட்டுவதற்கு முன் இது எண்ணா எழுத்தா என்று சோதனை. வழியில் உருவாகும் தற்காலிக ஆப்ஜெக்ட்டுகள் ஜாவாஸ்கிரிப்ட் நினைவகத்தில் குப்பையாகச் சேரும். அந்தக் குப்பையை அள்ளும் நேரத்தில் திரை ஒரு கணம் நிற்கும். உங்கள் ‘தாமதத்தில்’ அதற்கும் பங்கு உண்டு. டைப் தெரிந்த பைண்டிங் சி ப்ளஸ் ப்ளஸ் ஆகிவிட்டால் உறையும் இல்லை, சோதனையும் இல்லை, எண்களுக்குக் குப்பையும் இல்லை. ஆகவே முந்தைய பதிலில் சொன்ன வரிசையில், காத்தாடி ஒன்றுக்கான டெலிகேட் ஃபைலை மட்டும் முதலில் சுத்தம் செய்யுங்கள். அது 24 மடங்காக ஓடும் ஃபைல். செட்டிங் பக்கத்தில் எச்சரிக்கைகள் இருந்தால் இருக்கட்டும். எப்போதாவது ஓடும் கோடை நேட்டிவ் ஆக்குவதில் எக்ஸிகியூட்டபிள் பருக்குமே தவிர லாபம் கிடையாது.

ஆனால் கம்பைலரை நம்பி மட்டும் 90 சதவீதத்தை இறக்க முடியாது. எண்களை ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை புதுப்பிக்கிறீர்கள்? மாட்பஸில் (மெஷின்களிலிருந்து தகவல் வரும் தொடர்பு முறை) செகண்டுக்கு 10 தடவை வந்தாலும், எழுத்தாகக் காட்டுவதற்கு 2 தடவை போதும். மனிதக் கண்ணுக்கு அதற்கு மேல் படிக்க முடியாது. வந்ததைச் சி ப்ளஸ் ப்ளஸ் பக்கம் வாங்கி வைத்து, அரை செகண்டுக்கு ஒருமுறை ஒரே சிக்னலாக விடுங்கள். மதிப்பு மாறாதபோது ‘மாறிற்று’ என்ற சிக்னலை அனுப்பாதீர்கள். எழுதும் ஃபங்ஷனில் பழையதும் புதியதும் ஒன்றுதானா என்று பார்க்கும் அந்த ஒரு வரி விடுபட்டுப்போனால், 24 காத்தாடியின் எல்லாப் பைண்டிங்கும் வீணாக மறுபடி ஓடும்.

வரைபடத்தை ‘கேன்வாஸ்’ கொண்டு வரைந்திருந்தால், உங்கள் சிபியுவைத் தின்பது அநேகமாக அதுதான். கேன்வாஸில் வரையும் ஒவ்வொரு கோடும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் போகிறது. மாற்றம் வரும்போதெல்லாம் மீண்டும் வரைகிறது. அதை ‘ஷேப்’ கொண்டோ, சீன் கிராஃபில் நேரடியாகப் புள்ளிகளைக் கொடுக்கும் சின்ன சி ப்ளஸ் ப்ளஸ் ஐட்டமாகவோ மாற்றுங்கள். ஓர் அரை நாள் வேலை. ஏஓடி-யைவிட இதில் வரும் லாபம் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் கேன்வாஸ், பிறகு சிக்னல், அதன்பின் டைப். ஒவ்வொன்றுக்கும் பின் சிபியு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘ஸ்டேட்டிக் மோடு’ போட்டால் இன்னும் வேகம் என்கிறார்கள். எங்கள் க்யூட்டியில் அந்த வசதியே தென்படவில்லை. ‘க்யூஎம்எல்டிசி’ என்று வேறொன்றும் இருக்கிறதாமே?
— கங்கைகொண்டான் ஐடி பார்க்கிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஸ்டேட்டிக், டைரக்ட் என்ற இரண்டு மோடுகளும் வணிக உரிமத்தோடு வரும் ‘க்யூஎம்எல்எஸ்சி’ கம்பைலரில் மட்டுமே உண்டு. திறந்த பதிப்பில் வரும் கேச்ஜென்னும் பைண்டிங்குகளைச் சி ப்ளஸ் ப்ளஸ் ஆக்கும். ஆனால் உங்கள் வகுப்பின் ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிடாமல் க்யூட்டியின் மெட்டா அமைப்பு வழியாகவே போகும். டைரக்ட் மோடு அந்தச் சுற்றைத் தவிர்க்கிறது. ஸ்டேட்டிக் மோடு, ப்ராப்பர்ட்டிகள் எதுவும் பின்னால் அதே பெயரில் வேறொன்றால் மறைக்கப்படாது என்று நம்பிக்கொண்டு மொழிமாற்றம் செய்கிறது. அந்த நம்பிக்கைக்கு உங்கள் நிரல் ஒத்துவர வேண்டும்.

க்யூஎம்எல்டிசி வேறு வேலை செய்வது. க்யூட்டி 6.3-இல், 2022-இல், முன்னோட்டமாக வந்தது. மற்றவை பைண்டிங்கையும் ஃபங்ஷனையும் மட்டும் மாற்றும். இது ஆப்ஜெக்ட் மரம் முழுவதையும் ஒரு சி ப்ளஸ் ப்ளஸ் வகுப்பாக ஆக்கும். முடியாததைப் பைட்கோடுக்கு விட்டுவிடும் தாராளம் இதற்கில்லை, பில்டு நின்றுவிடும். ஒரு ப்ராடக்ட்டை இதன்மேல் முழுசாக ஏற்றி வைக்க நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

எதைப் பயன்படுத்தினாலும், உருவாகும் கோடு க்யூட்டியின் உள்-இடைமுகங்களைத் தொடுவதால், க்யூட்டி பதிப்பு மாறும்போதெல்லாம் மறுபடி பில்டு செய்தே ஆக வேண்டும். வேறு போர்டுக்கு கிராஸ்-கம்பைல் செய்தால், உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஹோஸ்ட் க்யூட்டியும் அதே பதிப்பாக இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக ஜெட்பேக் கம்போஸில் பஸ் நேர ஆப் செய்தேன். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, புதிய பஸ் ஸ்டாண்டு எல்லாம் போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பினால், நண்பர்கள் போனில் முதல் இரண்டு நாள் லிஸ்ட் திக்கித் திக்கி நகர்கிறது; பிறகு சரியாகிவிடுகிறது. கோடு மாறவில்லையே, ஏன்?
— பாளையங்கோட்டை மாணவி

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். போன் தானாகக் கம்பைல் செய்துகொண்டதுதான் காரணம்.

கம்போஸில் எழுதும் மொழியான கோட்லினின் கோடு ஏபிகே-க்குள் நேட்டிவ் கோடாகப் போவதில்லை. டெக்ஸ் என்ற பைட்கோடாகப் போகிறது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5, இன்ஸ்டால் செய்யும்போதே எல்லாவற்றையும் நேட்டிவ் ஆக்கியது. இடமும் நேரமும் அதிகம் பிடித்ததால், 2016-இல் ஆண்ட்ராய்டு 7 வேறு வழிக்கு மாறியது: முதலில் இன்டர்ப்ரெட்டர், அடிக்கடி ஓடுவதை ஓடும்போதே கம்பைல் செய்யும் ஜேஐடி, எது அடிக்கடி ஓடிற்று என்ற குறிப்பை வைத்து, இரவில் சார்ஜில் போன் சும்மா கிடக்கும்போது நேட்டிவ் கம்பைல். பழைய வியூ முறையின் கோடு ஆண்ட்ராய்டுக்குள்ளேயே முன்பே கம்பைல் ஆகிக் கிடக்கிறது. கம்போஸ் உங்கள் ஆப்போடு வரும் லைப்ரரி. அதனால் அதுவும் ஒவ்வொரு போனிலும் ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறது.

இதற்கு மருந்து ‘பேஸ்லைன் ப்ரொஃபைல்’. எந்த வகுப்புகளும் ஃபங்ஷன்களும் தொடக்கத்திலேயே வேண்டும் என்ற பட்டியலை ஏபிகே-யோடு அனுப்புவது. முதல் திறப்பிலிருந்தே கோடு ஓடும் வேகம் சுமார் 30 சதவீதம் கூடும் என்பது கூகுள் தரும் கணக்கு. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் ‘பேஸ்லைன் ப்ரொஃபைல் ஜெனரேட்டர்’ மாட்யூலைச் சேருங்கள். அதில் ஆப் திறப்பது, லிஸ்ட்டை உருட்டுவது, ஒரு பஸ்ஸைத் தொடுவது என்ற மூன்று செயல்களை எழுதி ஓட்டுங்கள். திறப்பை மட்டும் பதிவு செய்தால் உருட்டும்போது உள்ள திக்கல் அப்படியே நிற்கும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

பிளே ஸ்டோர் வழி போனால் இன்ஸ்டாலின்போதே அந்தப் பட்டியல் கம்பைல் ஆகும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே-க்கு ‘ப்ரொஃபைல் இன்ஸ்டாலர்’ லைப்ரரி பட்டியலைப் பதித்து வைக்கும். கம்பைல் நடப்பது போன் ஓய்வாக இருக்கும்போதுதான். கையோடு சோதிக்க, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி-யில் ‘பேக்கேஜ் கம்பைல்’ கட்டளையை ‘ஸ்பீடு-ப்ரொஃபைல்’ மோடில் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி: நீங்கள் அனுப்பியது டீபக் ஏபிகே-தானே? அதை வைத்து வேகம் பேசக் கூடாது. ரிலீஸ் பில்டு, கோடைச் சுருக்கும் ஆர்8 போட்டு அனுப்புங்கள். உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் மதிப்பெண் தருகிறவரிடம் காட்டும் வேகக் கணக்கும் ரிலீஸ் பில்டில் எடுத்ததாக இருக்கட்டும்.

கேள்வி: குற்றால சீசனுக்கு லாட்ஜ் ரூம் புக் பண்ற ஆப், ஃப்ளட்டரில். என் போனில் ஓட்டிக் காட்டினால் ஓனர் “இழுக்குதே” என்கிறார். ஃப்ளட்டர் நேட்டிவ் கோடுதானே?
— தென்காசி வாசகர்

பதில்: ரிலீஸில் நேட்டிவ், டீபக்கில் இல்லை. கேபிளில் இணைத்து நீங்கள் ஓட்டுவது டீபக். அதில் ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டின் கோடு ஜேஐடி-யில் ஓடும், சோதனை வரிகள் எல்லாம் விழித்திருக்கும். சேவ் செய்ததும் திரை மாறும் ஹாட் ரீலோட் வசதிக்காகத்தான் அப்படி. ரிலீஸில் டார்ட் முழுவதும் ஏஆர்எம் கோடாக ஒரே லைப்ரரி ஃபைலாகிவிடும். ஓனரிடம் காட்டுவது எப்போதும் ரிலீஸ். வேகம் அளப்பது ப்ரொஃபைல் மோடு, அதுவும் இருப்பதிலேயே விலை குறைந்த போனில்.

ஏபிகே-யை நேரடியாகக் கொடுப்பதானால் ‘ஸ்பிளிட் பெர் ஏபிஐ’ போடுங்கள். ஒரே கோடு மூன்று வகைப் ப்ராசஸருக்குக் கம்பைல் ஆகி ஒரே ஏபிகே-யில் கிடப்பது பிரிந்து மூன்றாகும், ஒவ்வொன்றும் சிறிதாகும். பிளே ஸ்டோர் என்றால் ஆப் பண்டில் கொடுங்கள், பிரிப்பதை அது பார்த்துக்கொள்ளும். நேட்டிவ் லைப்ரரிக்கே உரிய இன்னொரு நிபந்தனை: ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேற்பட்டதையோ இலக்காகக் கொண்டு 2025 நவம்பர் 1 முதல் பிளே ஸ்டோருக்குப் போகும் ஆப்கள் 16 கேபி மெமரிப் பக்கத்துக்கு ஒத்துவர வேண்டும். புதிய ஃப்ளட்டரில் சிக்கல் இல்லை. பராமரிப்பு நின்றுபோன பழைய ப்ளக்இன் ஏதாவது தன் சொந்த லைப்ரரியோடு வந்தால் அங்கேதான் மாட்டும்.

முதல்முறை அனிமேஷன் ஓடும்போது மட்டும் திக்கினால் அது டார்ட் அல்ல, ஷேடர், அதாவது கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடி வரையும் சிறு நிரல். ஃப்ளட்டரின் வரையும் எஞ்சினான ‘இம்பெல்லர்’ ஷேடர்களை முன்கூட்டியே கம்பைல் செய்து வைக்கிறது, ஐபோனில் ஃப்ளட்டர் 3.10 முதலும், ஆண்ட்ராய்டு 10-உம் அதற்கு மேற்பட்டதும் உள்ள போன்களில் ஃப்ளட்டர் 3.27 முதலும் அதுவே இயல்பு. பழைய ஃப்ளட்டரில் இருந்தால் மேலேறுங்கள்.

கேள்வி: நேட்டிவ் கோடு ஆக்கிட்டா நம்ம நிரலை யாரும் எடுக்க முடியாதுதானே அண்ணாச்சி? பேமெண்ட் கீயும் உள்ளதான் இருக்கு.
— சங்கரன்கோவில் வாசகர்

பதில்: முடியும். கீயை இன்றே எடுத்துவிட்டு சர்வருக்கு மாற்றுங்கள். பழைய கீயை ரத்து செய்து புதியது வாங்குங்கள். இங்கே சொன்ன எந்தக் கம்பைலரும் எழுத்துச் சரங்களை மறைப்பதில்லை. ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்ற சாதாரணக் கட்டளையே அவற்றைப் பட்டியலிட்டுவிடும். க்யூஎம்எல்லில் இயல்பு அமைப்பில் மூல ஃபைலும் எக்ஸிகியூட்டபிளுக்குள் கூடவே போகிறது. ஃப்ளட்டரில் ‘அப்ஃபஸ்கேட்’ போட்டால் பெயர்கள் மட்டும் குலையும். அப்படிப் போடும்போது தனியாகப் பிரியும் டீபக் குறிப்பு ஃபைல்களை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பத்திரமாக வையுங்கள். அது இல்லாவிட்டால், வாடிக்கையாளர் போனில் ஆப் விழுந்தபின் வரும் பிழைப் பட்டியலில் எந்த வரி என்று உங்களாலேயே படிக்க முடியாது.

கேள்வி: ஏஓடி போட்டு போர்டில் ஏற்றியதும் தமிழ் எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக வருகின்றன. கம்பைலர் கெடுத்துவிட்டதா?
— சேரன்மகாதேவி வாசகர்

பதில்: கம்பைலருக்கு இதில் பங்கில்லை. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே தமிழ் எழுத்துரு இருந்ததால் தெரியவில்லை, போர்டில் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை ரிசோர்ஸில் சேர்த்து, ஆப் தொடங்கும்போதே ஏற்றுங்கள். எழுத்து வந்தும் ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இடம் மாறிப் பிரிந்து நின்றால், க்யூட்டியை நீங்களே பில்டு செய்தபோது, எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் லைப்ரரி விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்து மறுபடி பில்டு செய்யுங்கள். செய்யும்போது க்யூட்டி பதிப்பும் மாறினால், ஆப்பையும் கையோடு மீண்டும் பில்டு செய்து, கேச் ஃபோல்டர் சோதனையை ஒருமுறை நடத்திவிடுங்கள்.